பானை ஓட்டுக்கு அதன் வீட்டைத் திருப்பிக் கொடுப்பது: தொல்பொருள்களும் வி.ஆரும், ஓர் எளிய விளக்கம்

“வி.ஆர்.ல பழைய காலத்துக்கே போயிட்டு வந்தேன்” என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். ஒருவர் யூடியூபில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் 360 டிகிரி வீடியோவைச் சொல்வார். இன்னொருவர், போன் கேமராவைத் தரையில் காட்டினால் நடுகல் ஒன்று எழுந்து நிற்கும் செயலியைச் சொல்வார். மூன்றாமவர், அருங்காட்சியகத்தின் இருட்டறையில் ஓடிய அனிமேஷன் படத்தைச் சொல்வார். மூன்றும் நல்ல விஷயங்களே. ஆனால் மூன்றும் வி.ஆர். (கண்ணில் கருவி மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் உண்மை) இல்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பெயர் குழம்பும்போது, எதற்குப் பணம் செலவழிக்கிறோம் என்று தெரியாமல் பள்ளிகளும் அருங்காட்சியகங்களும் செலவழிக்கின்றன. அதைவிடப் பெரிய நஷ்டம் இன்னொன்று. கண்முன் தோன்றியது எல்லாமே மண்ணுக்கு அடியில் கிடைத்தது என்று பார்ப்பவர் நம்பிவிடுகிறார். எந்த அளவுக்கு அது கிடைத்தது, எந்த அளவுக்கு அது யூகித்து வரைந்தது என்று பிரித்துப் பார்க்க, உள்ளே என்ன நடக்கிறது என்பது ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும்.

படமும் ஜன்னலும்

வீட்டு ஜன்னலுக்கு முன்னால் நில்லுங்கள். எதிர்வீட்டுச் சுவரைக் கம்பி ஒன்று மறைக்கிறது. தலையை நாலு அங்குலம் நகர்த்தினால் கம்பி விலகி, மறைந்திருந்தது தெரிகிறது. இப்போது அதே ஜன்னல் காட்சியை ஒரு போட்டோவாக எடுத்து மாட்டிவிட்டு, அதன் முன்னால் தலையை எவ்வளவு ஆட்டினாலும் கம்பி விலகாது.

வி.ஆர். என்பது ஜன்னல். 360 டிகிரி வீடியோ என்பது உங்களைச் சுற்றி ஒட்டப்பட்ட போட்டோ. வீடியோவில் எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்கலாம். ஆனால் குனிந்து பானைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. கேமரா எங்கே நின்றதோ அங்கேதான் நீங்களும் நிற்பீர்கள்.

போனில் நடுகல்லை எழுப்பிக் காட்டியது ஏ.ஆர்., அதாவது மிகை மெய்ம்மை. நம் கண்முன் இருக்கும் அறை அப்படியே இருக்க, அதன்மேல் ஒரு பொருளைச் சேர்த்துக் காட்டுவது. வி.ஆர். என்ற மெய்நிகர் உண்மை, இருக்கும் அறையை முழுவதுமாக மறைத்துவிட்டு வேறோர் அறையைக் காட்டுகிறது.

ஊசியில் நூல் கோக்கும் கணக்கு

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். நூல் ஊசிக்கு முன்னாலோ பின்னாலோ போய்க்கொண்டே இருக்கும். வலக்கண் பார்ப்பதும் இடக்கண் பார்ப்பதும் கொஞ்சம் வேறு வேறு படங்கள். அந்த வித்தியாசத்திலிருந்துதான் மூளை ‘இது கிட்ட, அது தூரம்’ என்று தீர்மானிக்கிறது. இதை 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் விளக்கினார். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும் கருவி ஒன்றையும் செய்துகாட்டினார்.

கண்ணில் மாட்டும் ஹெட்செட் அடிப்படையில் அதே கருவிதான். ஆனால் அவர் காட்டியது அசையாத படம். தலை அசைவதற்கு ஏற்பப் படமும் மாறவேண்டும் என்ற அடுத்த படியை 1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து எடுத்தார். அவருடைய கருவி கனமானது. கூரையிலிருந்து இறங்கிய ஓர் அமைப்போடு பிணைக்கப்பட்டிருந்தது. அதில் தெரிந்தவை வெறும் கோடுகளாலான உருவங்கள். இருந்தாலும், தலையைத் திருப்பினால் அவையும் அதற்கேற்பத் திரும்பின.

இன்றைய ஹெட்செட்டில் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு முன்னே பின்னே நகர்கிறது என்று உணரும் சென்சார்கள் இருக்கின்றன. அந்தத் தகவலை வைத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படம் வீதம், நொடிக்குச் சுமார் 72 முதல் 90 தடவை கணினி புதிதாக வரைகிறது. தலை அசைவதற்கும் படம் மாறுவதற்கும் நடுவில் ஆகும் நேரத்துக்குத் தாமதம் என்று பெயர். அது நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் மூளை ஏமாறும். அதைத் தாண்டினால், ‘நீ அசைகிறாய்’ என்று அசைவை உணரும் உள்காது சொல்ல, ‘இல்லையே’ என்று கண் சொல்ல, வயிற்றைப் புரட்டும். மலைப்பாதையில் பஸ்ஸுக்குள் புத்தகம் படித்தவர்களுக்கு அந்தப் புரட்டல் தெரியும்.

இதுவரை பார்த்ததில் மூன்று விஷயங்களை நினைவில் வைத்தால் போதும்: இரண்டு கண்ணுக்கு இரண்டு படம், தலை அசைவுக்கு ஏற்ப மாறும் காட்சி, தாமதம் இல்லாத வேகம். மூன்றும் சேர்ந்தால்தான் வி.ஆர்.

பானை ஓடு உள்ளே போவது எப்படி?

ஹெட்செட் வெறும் ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வைக்க ஒரு பொருள் வேண்டுமே. இங்கேதான் உண்மையான உழைப்பு இருக்கிறது. ஆனால் இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

ரயில் ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மின்கம்பங்கள் பறக்கின்றன, கொஞ்சம் தள்ளி நிற்கும் பனைமரம் மெதுவாக நகர்கிறது, தூரத்து மலை கூடவே வருகிறது. எது எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்தால், எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து படம் எடுத்து, அந்தப் படங்களிலிருந்து இப்படிக் கணக்குப் போட்டு அதன் உருவத்தை மீட்பதற்கு போட்டோகிராமெட்ரி என்று பெயர்.

உள்ளங்கை அகலக் கருப்பு சிவப்புப் பானை ஓடு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேஜையில் ஒரு சுழல் தட்டு. ஓடு தானாக நிற்காது. சின்ன மணல் பை ஒன்றை அணைகொடுத்து நிறுத்த வேண்டும். கேமரா ஸ்டாண்டில் அசையாமல் நிற்க, தட்டைப் 10 டிகிரி திருப்பி ஒரு படம், மறுபடி 10 டிகிரி திருப்பி ஒரு படம். ஒரு சுற்றுக்கு 36 படங்கள். கேமராவை உயர்த்தியும் தாழ்த்தியும் மூன்று உயரங்களில் எடுத்தால் 108. ஓட்டைக் கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்துக்கும் அதே மாதிரி எடுத்தால் 216. பின்னணியில் ஒன்றுமே இருக்கக் கூடாது, வெறும் கருப்புத் துணி போதும். பின்னால் ஒரு காலண்டர் தொங்கினால்கூட, ‘காலண்டர் அசையவில்லை, அப்படியானால் எதுவுமே திரும்பவில்லை’ என்று மென்பொருள் குழம்பிவிடும். ஓட்டுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலும் இருக்க வேண்டும். படத்தைப் பார்த்து உருவத்தைச் சொல்லத் தெரிந்த கணினிக்கு, அது உள்ளங்கை அளவா, ஆள் உயரமா என்று சொல்லத் தெரியாது.

மென்பொருள் முதலில் தருவது லட்சக்கணக்கான புள்ளிகளை. கோலத்துக்குப் புள்ளி வைப்பதைப் போல. பிறகு பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கோடுகளால் இணைத்துச் சின்னச் சின்ன முக்கோணங்களாக்குகிறது. இந்த முக்கோண வலைக்கு மெஷ் என்று பெயர். கடைசியாக, எடுத்த போட்டோக்களிலிருந்து நிறத்தை எடுத்து அந்த வலைமேல் தோலைப் போலப் போர்த்துகிறது.

அந்தத் தோலை உரித்தும் விடலாம் என்பது எனக்குப் பிடித்த சங்கதி. பானை சுட்ட பிறகு கூரான ஏதோ ஒன்றால் கீறிய எழுத்துகள், தேய்ந்த ஓடுகளில் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. கறையும் கீறலும் ஒன்றாகத் தெரியும். மெஷ்ஷில் நிறத்தை அணைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து ஒரு விளக்கைச் சாய்த்துப் போட்டால், கறை காணாமல் போய்க் கீறல் மட்டும் நிழலோடு எழுந்து நிற்கும். கீழடி ஓடுகளில் இருக்கும் ‘ஆதன்’ போன்ற பெயர்களைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று தேடித் தேடிக் கண் வலித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

எல்லாப் பொருளும் இவ்வளவு எளிதாக மசியாது. கொடுமணல் அகழாய்வில் கிடைப்பது போன்ற, சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லாலான மணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் மணிக்குள் புகுந்து கலங்கி வெளியே வருகிறது. மேலே விழும் மினுமினுப்போ கோணத்துக்குக் கோணம் இடம் மாறுகிறது. ஒரு படத்தில் இங்கே இருந்த புள்ளி அடுத்த படத்தில் அங்கே. கணக்கு உதைத்து, வழவழப்பான மணி கரடுமுரடான கட்டியாக வந்து நிற்கும். பொன்னும் கண்ணாடியும் இப்படியே படுத்தும். மினுமினுப்பைக் குறைக்கும் வடிகட்டிகளைக் கேமராவிலும் விளக்கிலும் மாட்டிச் சமாளிக்கிறார்கள். ஆனால் மணியின் அழகே அந்த மினுமினுப்பில்தானே இருக்கிறது! அதைப் பிறகு ஒருவர் கணினியில் கையால் சேர்க்க வேண்டும். ஹெட்செட்டில் ஒரு மணி ஜொலித்தால், அந்த ஜொலிப்பு பெரும்பாலும் ஒரு கலைஞரின் வேலை.

கிடந்த இடம்

இவ்வளவு பாடுபட்டு அந்தப் பானை ஓட்டை உள்ளே கொண்டுவந்து, கருப்பு வெளியில் சுழலவிட்டுக் காட்டினால் என்ன லாபம்? அதற்குப் போன் திரையே போதும். பல கண்காட்சிகள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன.

தொல்லியலில் ஒரு பொருளின் பாதி மதிப்பு அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில், எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்பதைத்தான் ஆய்வாளர்கள் முதலில் எழுதுகிறார்கள். நூல் நூற்கும் தக்களி ஒன்று தனியாக இருந்தால் ஓட்டை போட்ட சுடுமண் உருண்டை, அவ்வளவுதான். நெசவுக்குப் பயன்பட்ட எலும்பு முனைகளோடு சேர்த்துப் பார்க்கும்போது, அங்கே துணி நெய்தவர்கள் இருந்தார்கள் என்று பேச ஆரம்பிக்கிறது. அகழாய்வு அந்தப் பொருளை வெளியே எடுக்கும்போதே அதன் இடத்தையும் கலைத்துவிடுகிறது. வேறு வழியில்லை. தோண்டிய குழியை மறுபடி தோண்ட முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து உட்காரும் பொருள், ஊரையும் வீட்டையும் இழந்து வந்த பொருள்.

வி.ஆர். உண்மையில் செய்யக்கூடிய உதவி, அந்த வீட்டைத் திருப்பிக் கொடுப்பது. 2015 ஆகஸ்டில் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஒரு வார இறுதியில் இதைச் செய்து பார்த்தது. ஹெட்செட்டை மாட்டியவர்கள் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெண்கலக் கால வட்ட வீடு ஒன்றுக்குள் நுழைந்தார்கள். நடுவில் நெருப்பு எரிந்தது. அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலிருந்த பொருள்களின் முப்பரிமாண நகல்களை அந்த வீட்டுக்குள் வைத்திருந்தார்கள்.

நெருப்பு வெளிச்சம் என்பதை அலங்காரமாக நினைத்துவிடக் கூடாது. வெண்கலத்தையும் பொன்னையும் அந்தக் காலத்து மனிதர் எல்.இ.டி. விளக்கில் பார்க்கவில்லை. பகலில் வாசல் வழியாக வந்த வெயிலில் பார்த்தார், இரவில் ஆடும் தீயில் பார்த்தார். ஆடும் வெளிச்சத்தில் உலோகம் உயிரோடு இருப்பதைப் போல மின்னும். நம் கோயில் கருவறையில் தீபாராதனையின்போது மூலவரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டியூப்லைட் போட்ட அறையில் அதே முகம் வேறு முகம்.

எது கிடைத்தது, எது யூகம்?

அந்த வட்ட வீடு நிஜமா? மண்ணில் கிடைப்பது பெரும்பாலும் கம்பங்கள் நட்ட குழிகளின் வட்டம் மட்டுமே. மரம் மக்கி, அந்த இடத்தில் மண்ணின் நிறம் மட்டும் மாறியிருக்கும். வீடு எவ்வளவு அகலம், வாசல் எந்தத் திசை என்பதைக் குழிகள் சொல்லும். கூரை எவ்வளவு உயரம், எப்படி வேயப்பட்டது என்று குழிகள் சொல்லாது.

அப்படியானால் கூரையை மனம்போனபடி வரைந்துவிடலாமா என்றால், அதுவும் இல்லை. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் 1972-இல் தொடங்கிய பட்சர் பண்ணையில் பண்டைய வட்ட வீடுகளை நிஜமாகவே கட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்குள் தீ மூட்டினால் புகை போகக் கூரை உச்சியில் ஓட்டை இருந்திருக்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். கட்டிப் பார்த்து அறிந்தது வேறு: உச்சியில் ஓட்டை விட்டால் காற்று மேல்நோக்கி இழுத்து, தீப்பொறி எழும்பிக் கூரையே பற்றும் ஆபத்து. ஓட்டை இல்லாவிட்டால் புகை மேலே தேங்கி, வேய்ந்த புல்லின் இடுக்குகள் வழியாகத் தானே கசிந்து வெளியேறுகிறது. ஆகவே கூரை யூகம்தான் என்றாலும் சோதித்துப் பார்த்த யூகம்.

ஆனால் ஹெட்செட்டுக்குள் நிற்பவருக்கு இந்தப் படிநிலைகள் எதுவும் தெரியாது. ஸ்கேன் செய்த வெண்கலம், குழிகளிலிருந்து கணக்கிட்ட சுவர், சோதித்துப் பார்த்த கூரை, ஓவியர் மனத்திலிருந்து வந்த பாய், நான்கும் ஒரே தெளிவோடு ஒரே வெளிச்சத்தில் நிற்கின்றன. கோட்டோவியத்தைப் பார்க்கும்போது ‘இது வரைந்தது’ என்று மனம் எச்சரிக்கும். வி.ஆரில் அந்த எச்சரிக்கை எழாது. எழக் கூடாது என்பதற்காகவே அதை அப்படிச் செய்திருக்கிறார்கள்.

2025-இல், கீழடிக்குப் பக்கத்திலுள்ள கொந்தகையில் கிடைத்த மண்டை ஓடுகளிலிருந்து லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய இரண்டு ஆண்களின் முகங்கள் வெளியானபோது பலரும் அவற்றைப் பகிர்ந்தார்கள். முகத்தின் அமைப்புக்கு எலும்பு ஆதாரம். தோல், முடி, கண்ணின் நிறங்கள் இன்றைய தென்னிந்தியர்களைப் பார்த்துக் கொடுத்தவை. பகிர்ந்தவர்களில் பலர் இரண்டையும் பிரிக்கவில்லை. இந்தக் குற்றம் பகிர்ந்தவர்களுடையது மட்டும் இல்லை. ஒரு முகத்துக்குள் இரண்டும் கலந்து நிற்கும்போது பிரித்துச் சொல்லும் வரியை யாராவது பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

இதற்கென்றே ஆய்வாளர்கள் 2006-இல் லண்டன் சாசனம் என்ற நெறிமுறையை வகுத்தார்கள். எதற்கு ஆதாரம் இருக்கிறது, எது யூகம், அந்த யூகத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதைக் கணினிவழி மீட்டுருவாக்கம் செய்பவர் பதிவுசெய்து வெளிப்படையாகக் காட்டவேண்டும் என்பது அதன் சாரம். காட்டுவதற்கு வழிகள் இருக்கின்றன. கையிலுள்ள பொத்தானை அழுத்தினால் யூகித்தவை எல்லாம் மங்கிப்போய், கிடைத்தவை மட்டும் மிஞ்சி நிற்கும்படி செய்யலாம். ஒரு வீடு கரைந்து, 12 குழிகளும் ஒரு கத்தியும் மட்டும் தரையில் மிஞ்சுவதைப் பார்க்கும் பிள்ளை, தொல்லியல் என்றால் என்ன என்பதை அந்த நொடியில் பிடித்துக்கொள்ளும். என்னைக் கேட்டால், இந்தப் பொத்தான் இல்லாத வி.ஆர். காட்சியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது.

சுருக்கமாக: பொருளை ஸ்கேன் செய்யலாம், இடத்தை மீட்டுக் கட்டத்தான் வேண்டும். கட்டும்போது யூகம் கலக்கும். கலந்ததைச் சொல்லிவிட்டால் அதில் பிழையில்லை.

உடைத்த பிறகு மிஞ்சியது

இராக்கின் மொசூல் அருங்காட்சியகத்தில் சிலைகளைச் சம்மட்டியால் உடைக்கும் வீடியோவை 2015 பிப்ரவரியில் ஐ.எஸ். தீவிரவாத அமைப்பு வெளியிட்டது. அடுத்த சில வாரங்களில் ஐரோப்பாவிலிருந்த இரண்டு இளம் ஆய்வாளர்கள், அந்த அருங்காட்சியகத்துக்கு எப்போதாவது போய்ப் படம் எடுத்தவர்கள் அவற்றை அனுப்புங்கள் என்று உலகத்தைக் கேட்டார்கள். புராஜெக்ட் மொசூல் என்று பெயர் வைத்தார்கள். பின்னால் அது ரெக்ரெய் ஆனது. யாரோ எப்போதோ எடுத்த சாதாரணப் படங்களிலிருந்து, மேலே சொன்ன அதே போட்டோகிராமெட்ரிக் கணக்கைப் போட்டு, மொசூல் சிங்கம் உட்படப் பல சிலைகளின் உருவத்தை மீட்டார்கள். 2016-இல் அவற்றை வைத்து அந்த அருங்காட்சியகக் கூடத்தையே வி.ஆரில் தி எகானமிஸ்ட் இதழின் குழு உருவாக்கியது.

அதில் தெரியும் சிலைகள் சுழல் தட்டில் வைத்து எடுத்தவற்றைப் போல வழவழப்பாக இருக்காது. யாரும் படம் எடுக்காத பக்கத்தைக் கணக்கால் கொண்டுவர முடியாது. சுற்றுலா போனவர்கள் முன்னால் நின்றுதான் படம் எடுப்பார்கள், முதுகுப் பக்கம் போவதில்லை. நீங்கள் அடுத்த முறை ஓர் அருங்காட்சியகத்துக்கோ பழைய கோயிலுக்கோ போகும்போது, அனுமதி இருந்தால், ஒரு சிலையையாவது சுற்றி வந்து நாலு பக்கமும் எடுத்து வையுங்கள்.

கைக்கு அகப்படாத பானை

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு ஒரு ஹெட்செட் இரவலாக வந்தது. அத்தைக்கு மாட்டிவிட்டேன். உள்ளே ஒரு மேஜைமேல் முதுமக்கள் தாழி ஒன்றின் முப்பரிமாண நகல். முதலில் பேசாமல் பார்த்தார். பிறகு தாழியின் விளிம்பைப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டினார். “என்னடா இது, கை உள்ள போய்க்கிட்டே இருக்கு” என்றார். குரலில் ஏமாற்றம். வாழ்நாள் முழுக்கப் பானையோடு பழகிய கை அது. விரலால் சுண்டி ஓசை கேட்டுப் பானை வாங்கியவருக்கு, கனமும் இல்லாத ஓசையும் இல்லாத தாழி பாதித் தாழிதான்.

இது வி.ஆரின் உண்மையான எல்லை. கையில் பிடிக்கும் கருவி கொஞ்சம் அதிரும், அவ்வளவே. முப்பரிமாண அச்சில் எடுத்த நகலை நிஜ மேஜையில் அதே இடத்தில் வைத்து, கண்ணுக்கு வி.ஆரும் கைக்கு நிஜமுமாகக் கொடுத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். செலவு அதிகமில்லாத வழி இது.

நடைமுறைச் சிக்கல் வேறு வகை. நாலு ஹெட்செட் இருக்கிறது, ஒருவருக்கு 8 நிமிடம் காட்சி, மாட்டிக் கழற்றித் துடைக்க 2 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 24 பேர்தான் பார்க்க முடியும். 50 பிள்ளைகளோடு ஒரு பள்ளிப் பேருந்து வந்தால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் ஹெட்செட்டை 13 வயது நிரம்பியவர்களுக்கே கொடுத்தார்கள். சிறுவர்களுக்கு டேப்லெட்டும், எல்லோரும் சேர்ந்து பார்க்கக் குவிமாடத் திரையும் வைத்திருந்தார்கள். குவிமாடத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் “அங்க பாரு” என்று காட்டலாம். ஹெட்செட்டுக்குள் ஒவ்வொருவரும் தனி. குடும்பத்தோடு வருபவர்களுக்கு அது சின்னக் குறை இல்லை.

மாட்டிப் பார்க்கப் போகிறவர்களுக்கு

முதல் தடவை உட்கார்ந்து பாருங்கள். மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் அதைக் கழற்றாமல் மாட்ட முடியுமா என்று கேளுங்கள்; பெரும்பாலும் முடியும். படம் மங்கலாகத் தெரிந்தால் பார்வையில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். இரண்டு கருவிழிகளுக்கு நடுவிலுள்ள தூரம் பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர், ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். லென்ஸ்களை நெருக்கவும் விலக்கவும் பல ஹெட்செட்டுகளில் வசதி இருக்கிறது. அங்கே நிற்பவரிடம் சொன்னால் சரிசெய்வார். தலை சுற்றினால் பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்க முயலாமல் உடனே கழற்றிவிடுங்கள்.

உள்ளே இருக்கும்போது திரும்பிப் பார்த்தால் மட்டும் போதாது. குனியுங்கள், பொருளுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள், முகத்தை அதன் விளிம்புக்குக் கிட்டே கொண்டுபோங்கள். கழற்றியதும், இதில் எது கிடைத்தது, எது நீங்கள் வரைந்தது என்று அங்கிருப்பவரிடம் கேளுங்கள். பிறகு, அசல் அதே கட்டடத்தில் இருந்தால், நேராக அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் போங்கள். ஹெட்செட்டுக்குள் தேங்காய் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்த தக்களி, அங்கே கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, நடுவில் ஓட்டையோடு உட்கார்ந்திருக்கும். அந்த ஓட்டையின் ஓரம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.